பல் டாக்டரின் சிவப்புக் கார்

"யோவ் டாக்டரே! ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுய்யா! அந்த எஞ்சின் உனக்கு என்ன துரோகம் பண்ணுச்சு?"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார் மெக்கானிக். எதிர்வீட்டு வாசலில் பல் டாக்டரின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. காலை மணி ஏழு.

"வர வர இந்த டாக்டருக்கு விவஸ்தையே இல்லாம போச்சு. நான் போய்ச் சொல்லிட்டு வரேம்ப்பா" என்றாள் மகள்.

"நீ என்னத்தைச் சொல்லுவே? உனக்கு கார்ல ஹாரனைத் தவிர என்ன தெரியும்?"

மகளுக்கு அது உறைக்கவில்லை. அப்பா ஜன்னல்வரை வந்ததே பெரிய விஷயம்.

நாற்பது வருஷம் எஞ்சின்களைப் பிரித்து மாட்டிய மனிதர். மூன்று மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கால் துவண்டுவிட்டது. "கால் தேறிடும். ஆனா இப்பவே நடக்க ஆரம்பிக்கணும். தள்ளிப் போட்டா அப்புறம் கஷ்டம்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். மகள் தன் வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொண்டாள். அவர் கட்டிலை விட்டு இறங்க மறுத்தார். பயிற்சி கொடுக்க வந்த ஆளை இரண்டே நாளில் விரட்டிவிட்டார்.

"தூக்கு, இறக்கு, பத்து எண்ணுங்கிறான். எண்ணினா கால் வந்துடுமா? பில் போடறதுக்கு ஒரு சாக்கு."

மகள் கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாளும் ஏழு மணிக்கு அதே உறுமல். ஜன்னலில் இருந்து கத்தியது டாக்டர் காதில் விழவில்லை. மெக்கானிக் சுவரைப் பிடித்துப் பிடித்து வாசற்படிவரை வந்துவிட்டார்.

"தினமும் இப்படி முறுக்கினா என்ன ஆகும் தெரியுமாய்யா?"

"ஒண்ணும் ஆகாதுங்க ஐயா" என்றார் டாக்டர், கண்ணாடியை இறக்கி. "வேகம் ஓர் அளவுக்கு மேல போனா எஞ்சினே கட் பண்ணிடும். கம்பெனிக்காரன் சும்மாவா வெச்சிருக்கான்?"

"கம்பெனிக்காரனையா நம்பறே? உருப்பட்ட மாதிரிதான்! ராத்திரி பூரா ஆயில் கீழே இறங்கிக் கிடக்கும். அது மேல ஏறிப் பரவறதுக்குள்ள முறுக்கினா இரும்போட இரும்பு உரசும். சூடானப்புறம் எப்பவாவது ஒரு தடவை முறுக்கு, யார் கேக்கப் போறா? தினம் தினம் நின்ன இடத்துல முறுக்கினா ஆயுசு குறைஞ்சுடும்."

"இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே ஐயா."

"நான் தினம் காலைல வந்து உன் பல்லுல சுத்தியால தட்டறேன். ஒரே நாள்ல விழாது. சும்மா இருப்பியா?"

டாக்டர் சிரித்துக்கொண்டே கண்ணாடியை ஏற்றிவிட்டார். அதுதான் மெக்கானிக்குக்குப் பொறுக்கவில்லை போலிருந்தது.

மூன்றாம் நாள் கார் இரண்டு வீடு தள்ளி நின்று உறுமியது. கதவுக்குப் பின்னால் தூசி படிந்து கிடந்த கைத்தடியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போய்ச் சேர கால் மணி நேரம் ஆனது.

"சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இருக்கேன்னு தள்ளி நிறுத்தினேன் ஐயா."

"தொந்தரவு எனக்கில்லைய்யா, எஞ்சினுக்கு!"

அதிலிருந்து கார் தள்ளித் தள்ளிப் போனது. மின்கம்பம், தையல் கடை, தபால் பெட்டி. இவரும் விடவில்லை. போகும்போதும் திட்டு, வரும்போதும் திட்டு. நடுவில் ஒருநாள் தடுமாறி மதில்மேல் சாய்ந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். இனி எழுந்திருக்க மாட்டார் என்று மகள் பயந்தாள். மறுநாள் ஏழு மணிக்கு உறுமல் கேட்டது. அடுத்த நிமிஷம் கைத்தடி சத்தமும் கேட்டது.

ஒரு மாதம் ஆனபோது கார் தெருமுனை மருந்துக் கடை வாசலுக்குப் போயிருந்தது. வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். பின்னாலேயே மகள் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தாள்.

அன்றைக்கு அவர் திட்டவில்லை. கார் பானெட்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

"என்னங்க ஐயா, இன்னிக்கு ஒண்ணும் சொல்லலையா?" என்றார் டாக்டர்.

"வாத்தியார்கிட்ட படிச்சதில்லை. ஆனா ஆறின எஞ்சின் எப்படிக் கத்தும், சூடான எஞ்சின் எப்படிக் கத்தும்னு எனக்குத் தெரியும். தினம் ஊரை ஒரு சுத்து சுத்தி, நல்லா சூடு பண்ணிக்கிட்டு வந்துதானே என் காதுல முறுக்கறே?"

டாக்டர் தலையைச் சொறிந்தார். "அது... கார் பாவமேன்னு..."

மகள் பாட்டில் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"நீ ஏன் தரையைப் பாக்கறே? இந்த ஆளுக்குச் சொல்லிக் குடுத்தது நீதானே?"

"அப்பா... எப்போ தெரிஞ்சுது?"

"முதல் நாளே. ஜன்னலுக்கு வந்ததுமே. ஓர் எஞ்சினுக்கே இவ்வளவு பாக்கறவன் ஆளைக் கவுத்துட மாட்டான்னுதான் மறுநாள் வாசலுக்கு வந்தேன்."

தண்ணீரை வாங்கிக் குடித்தார். வீட்டுப் பக்கம் திரும்பி, கைத்தடியைத் தூக்கி மகள் கையில் கொடுத்தார்.

"நாளைக்குப் பாலத்துக்கிட்ட நிறுத்தச் சொல்லு. இந்தத் தூரம் எனக்குப் பத்தலை."