ஸ்பேர் குழாய்

வல்லம் வடகாலில் எங்கள் கம்பெனியின் தீயணைப்புத் தொட்டிக்குள் இசக்கிதுரை மூச்சு முட்டிச் செத்தான். தண்ணீருக்கடியில் மூச்சுவிட முதுகில் கட்டியிருந்த காற்று சிலிண்டரின் குழாய் அடைத்துக்கொண்டது, வேறு குழாய் இல்லை. அதற்குப் பிறகுதான் ஆபத்துக்கு என்று சிலிண்டரில் இன்னொரு குழாய் மாட்டினார்கள். ஆள் செத்தபிறகு மாட்டுவதுதான் கம்பெனி புத்தி.

இப்போது தொட்டியில் இறங்கிச் சேறு அள்ளுகிறவன் வனமாமலை. மேலே கயிறு பிடிப்பவன் நான். முதல் நாளே பாதி வேலையில் ஏறி வந்துவிட்டான்.

"பெரியவரே, நான் ஒருத்தன்தான எறங்குனேன்? ரெண்டு பேரு காத்துல்லா தீந்திருக்கு!"

ஸ்பேர் குழாயின் வாய் ரப்பரைப் பார்த்தேன். அதில் புதுசாகப் பல் தடம் இருந்தது. சூப்பர்வைசர் ரகுவிடம் காட்டினேன்.

"பேய்க்கு ஓசி காத்தா? லீக் ஆவுது பெருசு, அத்த கய்ட்டு" என்றான்.

மாட்டேன் என்றேன். அவனே கழற்றினான்.

மறுநாள் கீழே போன கயிறு ஆடவே இல்லை. இழுத்தோம். வனமாமலை பிணமாக வந்தான். வாயில் குழாய் இல்லை. சிலிண்டரில் பாதிக்கு மேல் காற்று இருந்தது.

தரையில் கிடத்தினோம். அவன் மார்பின்மேல் கிடந்த குழாய் உஸ், உஸ் என்று நிதானமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.