பின்னால் வருகிறவருக்கு

நெடுந்தூர சைக்கிள் பயணத்தின் சுகமே வாயைத் திறக்க வேண்டியிராததுதான். அண்ணனை வீட்டுக்குக் காவல் வைத்துவிட்டு, அண்ணியும் நானும் சைகையிலேயே பல ஊர்களைக் கடந்திருந்தோம். முன்னால் போகிறவர் பள்ளத்தைக் கையால் காட்ட வேண்டும். பின்னால் வருகிறவர் பார்த்துவிட்டேன் என்று ஒருமுறை மணி அடிக்க வேண்டும். அதுதான் எங்கள் ஏற்பாடு.

அன்று நான் முன்னால் போனேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் மணி இரண்டு முறை கேட்டது.

தண்ணீர் குடிக்க நின்றபோது, "எதுக்கு அண்ணி ரெண்டு தடவ அடிக்கிறீங்க?" என்றேன்.

"நான் ஒரு தடவதான் அடிச்சேன். பழக்கதோஷத்துல நானும் பின்னால கை காட்டுவேனா, உடனே இன்னொரு மணி கேக்கும். யாரோ நம்மளோட ஒட்டிக்கிட்டு வர்றாங்கன்னு நெனச்சேன்."

திரும்பிப் பார்த்தோம். கண்ணுக்கெட்டிய தூரம்வரை சாலை காலியாகக் கிடந்தது.

எனக்கு ஆவல் தாங்கவில்லை. "இப்ப நான் பின்னால வர்றேன்" என்றேன்.

அண்ணி ஒரு பள்ளத்தைக் காட்டினார். நான் மணி அடித்தேன். ஆனால், என்னதான் ஆகிறதென்று பார்க்க, வேண்டுமென்றே கை காட்டாமல் விலகிப் போனேன்.

என் முதுகுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் தடதடவென்று சரிந்து விழுந்தது. திரும்பினால் யாருமில்லை. பள்ளத்தில் மழைத்தண்ணீர் மட்டும் கலங்கியிருந்தது.

அடுத்த பள்ளத்துக்குக் கையை நன்றாக நீட்டிக் காட்டினேன். சற்றுத் தாமதமாகத்தான் பதில் வந்தது. நசுங்கிப்போன மணியின் சத்தம்.