நான்காவது வால்வு

நான்கில் ஒன்றை எடுத்துவிடச் சொன்னான் கதிர்வேல்.

கடலூரில் எங்கள் பட்டறை மேசைமேல் நிலக்கரிச் சாம்பலில் செங்கல் அழுத்தும் அவனுடைய ஃப்ளை ஆஷ் மெஷினுக்கான வால்வுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. நீளமான போல்ட்டுகளை ஊடே விட்டு முறுக்கினால் எல்லாம் ஒரே கட்டையாகிவிடும். எண்ணெயைத் திருப்பிவிட ஒன்று, அழுத்தத்துக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று.

நான்காவது லாக் வால்வு. மோட்டாரை நிறுத்திய பிறகும், கல்லை அழுத்த மேலே தூக்கிய கனத்த இரும்பு அச்சை இறங்காமல் பிடித்து வைப்பது அதுதான்.

"இது எதுக்கு மாமா? சாம்பத் தூசி எண்ணெயில எறங்குனா மொதல்ல சிக்கிக்கிறது இதான். வாரா வாரம் கீரப்பாளையத்துலேர்ந்து இங்க ஓடியாரவா?"

"ஓடியா. மோர் குடிச்சிட்டுப் போ. வால்வ எடுக்க மாட்டேன்."

என் மகன் அன்பரசு மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான். இந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் தீபாவளி வரைக்கும் பட்டறையில் வேலை இல்லை.

காலை நகர்த்திக்கொண்டேன். இங்கிருந்து போகும் ஒவ்வொரு மெஷினிலும் என் அப்பாவின் பெயர் பொறித்த தகடு இருக்கும். அந்தப் பெயரோடு எது போகலாம், எது போகக்கூடாது என்பதை வாங்க வருகிறவன் முடிவு செய்ய முடியாது. அதை அப்படியே அவனிடம் சொன்னேன்.

கதிர்வேல் சிரித்தான்.

"பேரப் பத்தி நீங்க பேசாதீங்க மாமா. அண்ணாகிராமத்து மெஷின்ல இதே வால்வக் கழட்டிட்டுக் குடுத்தது ஒங்க தம்பிதானே?"

என் முகத்துக்கு நேரே யாரும் இதுவரை கேட்டதில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

ஏழு வருடத்துக்கு முன்பு, அந்த மெஷினை நிறுத்திவிட்டு ஒட்டியிருந்த கலவையைச் சுரண்டிக்கொண்டிருந்தார் அங்கே கூலி வேலை பார்த்த ஆரோக்கியம்மாள். மேலே நின்ற அச்சு சத்தமில்லாமல் இறங்கியது. வலது கையில் மூன்று விரல்கள் போயின.

அந்த வாரமே தம்பி பொன்னுரங்கத்தைப் பட்டறையை விட்டு அனுப்பினேன். இப்போது சிதம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அன்பரசு கல்யாணத்துக்கு அவனுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. குடும்பத்தின் பெயர் நிற்க அது தேவைப்பட்டது.

"சித்தப்பா பண்ண வேலையாலதான் அப்பா இவ்ளோ கறாரா இருக்காரு. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க," என்று அன்பரசு கதிர்வேலைச் சமாதானப்படுத்தினான்.

நான் எழுந்து நின்றேன். கதிர்வேலைப் பார்த்துத்தான் பேசினேன். மகன் பக்கம் திரும்ப முடியவில்லை.

"கழட்டச் சொன்னது நான். எந் தம்பி முடியாதுன்னுட்டான். ரெண்டு நாள் எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசல. அப்பறம் நானே கழட்டுனேன். போ, ஊரெல்லாம் சொல்லு."

மேசைமேல் இருந்த வால்வு அடுக்கில் கை வைத்தேன்.

"நாலு வால்வு. வேணும்னா எடுத்துக்க. வேணாம்னா வேற பட்டறையப் பாரு."

கதிர்வேல் வால்வுகளைப் பார்த்தான். அன்பரசு என்னைப் பார்த்தான்.

"சித்தப்பா நம்பர் இருக்காப்பா?"