இன்னொரு டிரைவர்

விழுந்த மனுஷனைத் தூக்கி நாற்காலியில உக்கார வெச்சா. அடி பட்டிருக்கான்னு தொட்டுப் பார்த்தா. அவ்வளவுதான், அந்த பிசியோ பொண்ணு போனை எடுத்துட்டா!

ஒரு ஆறுதல் வார்த்தை உண்டா? எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். பக்கவாதம் வந்ததுலேர்ந்து இடது கால் சொன்ன பேச்சைக் கேக்கறதில்லை. கிளட்ச் மிதிக்கிற கால். இங்க ஆஸ்பத்திரியில ரெண்டு பக்கமும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நடக்கப் பழகறார். பாதி தூரம் வர்றதுக்குள்ள கால் மடங்கிடுது.

மடங்கினதும் ஆரம்பிச்சுடுவார். "தண்டம்! உதவாக்கரை! ஒரு காலைத் தூக்க வக்கில்லை, உனக்கெல்லாம் எதுக்கு உசிரு?"

எல்லாம் தன்னைத்தான். நான் குறுக்க ஏதாவது சொன்னா, "நீ சும்மா இரு"ன்னு என் வாயையும் அடைச்சுடுவார்.

இன்னைக்குக் கிளம்பும்போதே சொல்லிட்டார். "இன்னைக்கும் நடக்கலைன்னா இனிமே அங்க வர மாட்டேன். எனக்குக் கட்டிலே போதும்."

சொன்னா செய்யற ஆளு.

இப்ப விழுந்துட்டார். இவ என்னடான்னா போனைத் தள்ளித் தள்ளிப் பாத்துக்கிட்டு நிக்கறா.

போன வாரமும் இதே போன்தான். "அண்ணே, ஒரு உதவி பண்ணுங்க. இன்னொரு பேஷன்ட் இருக்கார். உங்களை மாதிரியே டிரைவர், அதே கால். மனசு விட்டுட்டார். நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க, நான் அவருக்குப் போட்டுக் காட்டறேன்."

"பேர் என்ன?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதுண்ணே"ன்னு சிரிச்சுக்கிட்டே போனை இவர் வாய்கிட்ட நீட்டினா.

எவரோ ஒருத்தர் மேல இருக்கிற அக்கறை, கண்ணு முன்னாடி கஷ்டப்படறவர் மேல இல்லை பாருங்க!

இவரும் பேசினார். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்கிட்ட அவ்வளவு இதமா பேசினதில்லை. கேட்டுக்கிட்டிருந்த எனக்கே கொஞ்சம் பொறாமையா இருந்துச்சு.

"போதும்மா." இவர் இப்ப என் பக்கம் திரும்பினார். "நான் தேற மாட்டேன். ஒரு வண்டியக் கூப்பிடு, வீட்டுக்குப் போலாம்."

அதுக்கு மேல என்னால பொறுக்க முடியலை. "ஏம்மா, அந்தப் போனைக் கொஞ்சம் கீழ வெக்கிறியா? இங்க ஒரு மனுஷன் ஒடிஞ்சு போய் உக்காந்திருக்கார், கண்ணு தெரியலையா உனக்கு?"

"தெரியுதுக்கா. அதான் தேடிக்கிட்டிருக்கேன்."

"என்னத்தைத் தேடற?"

அவ இவர் முன்னாடி வந்து தரையில உக்காந்தா.

இவர்தான் விரக்தியா கேட்டார். "அந்த டிரைவராவது நடந்தானா?"

"இன்னும் இல்லைண்ணே. நீங்க பேசினதை அவருக்கு இன்னும் போட்டே காட்டலை." போனை எடுத்து இவர் மடியில வெச்சா. "இப்பத்தான் காட்டப் போறேன்."

போன்லேர்ந்து இவரோட குரல் கேட்டுச்சு.

"தம்பி, நீ யாரோ எவரோ, நானும் டிரைவர்தான். வழியில வண்டி நின்னுட்டா, நாம அதைத் திட்டிக்கிட்டா நிக்கறோம்? ஓரங்கட்டி, கொஞ்சம் ஆறவிட்டு, மறுபடியும் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கறோம்ல? இத்தனை வருஷம் உனக்காக உழைச்ச காலுப்பா அது. திட்டாதே. அசந்து தூங்குது, மெதுவா எழுப்பு. இன்னைக்கு எழுந்திரிக்கலையா, நாளைக்கு எழுப்பு."

இவர் குனிஞ்சு, அந்த இடது முட்டியைத் தடவிக் கொடுத்தார்.

"வண்டியை அப்புறம் கூப்பிட்டுக்கலாம்"னு சொல்லி, கம்பியைப் பிடிக்கக் கையை நீட்டினார்.