மல்லிகா அடித்த ஆணி

சாமான் ஏற்றிய வேன் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் அட்வான்ஸ் கட்டாவிட்டால் ரெஜினா பார்த்து வைத்த புது வீடு வேறு ஆளுக்குப் போய்விடும். பழைய வீட்டுக்காரர் தணிகாசலமோ, அவளுக்குத் தர வேண்டிய அட்வான்ஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுவரை முகர்ந்துகொண்டிருந்தார்.

"டூத்பேஸ்ட்டையா வச்சு ஓட்டைய அடைச்சே?"

"ஆணி ஓட்டைக்கெல்லாம் காசு பிடிப்பீங்கன்னு பயந்துதான் சார்."

"ஓட்டைய விடும்மா. நீங்க குடிவரும்போதே ஒரு ஆணி இருந்துச்சே, அது எங்க?"

"அதையும் சேர்த்துப் பிடுங்கிட்டேனே சார்."

"அது என் சம்சாரம் மல்லிகா அடிச்சது. அவ போய்ச் சேர்ந்தப்புறம் அதை மட்டும் நான் தொடலை. அது இருந்த இடத்துல இருக்கணும். அப்புறம்தான் பணம்."

ரெஜினா குப்பைக் கவரைத் தரையில் கொட்டினாள். எல்லா ஆணியும் ஒரே துரு. இருவரும் சுவரில் மூக்கை வைத்து அந்த ஆணி இருந்த ஓட்டையைத் தேடினார்கள். எங்கும் ஒரே புதினா வாசனை.

"அக்கா, எனக்கு இன்னொரு லோடு இருக்குக்கா" என்று வேன்காரன் கத்தினான்.

ரெஜினா ஓர் ஆணியையும் சுத்தியலையும் எடுத்தாள். "உங்க வீட்டம்மா என்ன உயரம் சார்?"

அவர் தன் தோளைத் தொட்டுக் காட்டினார். ரெஜினாவின் உயரமும் அதுதான். கை எட்டிய இடத்தில் ஆணியை வைத்தாள்.

"இன்னும் மேல. அவ எக்கி நின்னுதான் அடிப்பா."

அவள் குதிகாலை உயர்த்தி அடித்தாள். தணிகாசலம் கண்களை மூடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கை சட்டைப்பைக்குப் போய் அங்கேயே நின்றது.

"இன்னொரு தடவை அடிம்மா."