ஆடும் பல்லின் கவலை

இலக்கியாவின் கீழ்வரிசை முன்பல்லுக்கு ஒரே பிடிவாதம். அடியிலிருந்து ஏதோ முட்ட முட்ட ஊஞ்சலாடியது. ஆனாலும் ஈறை விடவில்லை.

"விட்டுடேன்ப்பா. உன் ஆட்டம் தாங்கல" என்றது பக்கத்துப் பல்.

"நான் போயிட்டா பிள்ளை கதி? இன்னைக்கு இங்கிலீஷ் மிஸ் எழுப்பி நிறுத்திக் கேப்பாங்க. ஒண்ணுன்னா டூத், நிறைய இருந்தா டீத்னு சொல்லணும். நான் இல்லேன்னா காத்துதான் வரும். எல்லாரும் சிரிப்பாங்க!"

வகுப்பில் மிஸ் கேட்டதும் இலக்கியா எழுந்து நின்றாள். "ஒன் டூத்" ஒழுங்காக வந்தது. "மெனி டீ..." என்னும்போது நாக்கு இடித்து, பல் தெறித்து மேசைமேல் விழுந்தது. வாயிலிருந்து வெறும் காற்று வந்தது.

வகுப்பே சிரித்தது. போச்சு, இனி பிள்ளை வாயே திறக்காது என்று பல் குமைந்தது. அண்ணாந்து பார்த்தது. இத்தனை நாளும் ஒரே வாய்க்குள் இருந்த அது, வேறு வாயைப் பார்ப்பது இதுதான் முதல்முறை. சிரித்த வாய்களிலெல்லாம் ஓட்டை. சில ஓட்டைகளில் அரிசி நுனிபோல் புதுப்பல்.

இலக்கியாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் ஈறிலும் வெள்ளையாய் ஏதோ எட்டிப் பார்த்தது.

"அடப்பாவி, முட்டிக்கிட்டே இருந்தது நீதானா? சரி, அடுத்த தடவை நீ சொல்லு" என்றது பல்.