அசையாத அலமாரி

மகள் சீதனத்துக்கு அலமாரி செய்ய மரம் பார்க்க உஸ்பெக் நகரமான கோகந்துக்கு வந்திருந்தாள் மஸ்தூரா.

"வால்நட் எடுங்கக்கா. ரேகை அழகா ஓடும்," என்றார் தச்சர் ஹோஷிம்.

"அழகு கிடக்கட்டும். கனமா இருக்கணும்."

"அப்ப முசுக்கட்டைதான். நாலு பேர் சேர்ந்தாலும் நகத்த முடியாது. எதுக்குக்கா அவ்ளோ கனம்?"

"பொண்ணுக்கு வாய் நீளம். ரெண்டு தடவ கட்டிக் குடுத்தோம். ரெண்டு மாமியாரும் சீதனத்த வண்டியில ஏத்தி, மேல அவளையும் உக்கார வச்சுத் திருப்பி அனுப்பிட்டாங்க."

ஹோஷிமுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கவலைய விடுங்க. ரூமுக்குள்ளயே வச்சு வாசலைவிட அகலமாச் செஞ்சுடறேன். செவத்த இடிச்சாத்தான் வெளிய வரும். பாவம், யாரு வீடோ! மாப்பிள்ளை வீட்டு வாசல் என்ன அகலம்?"

"நேத்து எங்க வீட்டுல ரொட்டி பிட்டு நிச்சயம் பண்ணிட்டுப் போனது உங்க வீட்டம்மாதான். அகலத்த நீங்கதான் சொல்லணும், சம்பந்தி."